மூன்றாம் தலைவி

கீழ்பென்னாத்தூரில் பேருந்தை விட்டு இறங்கிய பாஞ்சாலை, சாலையின் எதிர்ப்புறத்தில் தன் முகத்தைத் தானே பார்த்துத் திடுக்கிட்டாள். இரு மூங்கில்களுக்கிடையே இழுத்துக் கட்டிய பதாகையில் முகம் மட்டுமே ஓர் ஆள் உயரம் இருந்தது. காற்றில் பதாகை உப்பியும் ஒடுங்கியும் அசைந்ததால், அந்த முகம் மூச்சு விடுவதுபோலத் தோன்றியது.

'முனைவர் பட்டம் பெறும் எங்கள் பாஞ்சாலை இளஞ்செழியன் அவர்களை வாழ்த்தி மகிழ்கிறோம்' என்று மேலே எழுதியிருந்தது. மூலைகளில் அவள் கணவனின் நண்பர்களான வேன் ஓட்டுநர்கள் கறுப்புக் கண்ணாடி அணிந்து கைகூப்பி நின்றார்கள். கீழே சற்றே சிறிய எழுத்தில் ஆய்வின் தலைப்பு: 'ஊராட்சிப் பெண் தலைவர்கள்: தலைமையும் சமூக மாற்றமும்.' அதற்கும் கீழே, பொது வாய்மொழித் தேர்வு நடக்கவிருக்கும் நாள், இடம், 'அனைவரும் வருக' என்னும் அழைப்பு.

பட்டம் இன்னும் கிடைக்கவில்லை. தேர்வே அடுத்த வாரந்தான். வேறொரு சமயமாக இருந்திருந்தால், இந்த அவசரத்தை எண்ணி அவள் நாணியிருப்பாள். அன்று நாணுவதற்கு நேரமில்லை. பதாகையின் இடப்பக்கத்தில் இருந்த புகைப்படம் அவள் கண்ணில் பட்டுவிட்டது.

இராஜகோபுரத்தின் முன்னே, பௌர்ணமிக் கூட்டத்தின் நடுவே, வெறுங்காலோடு இரு பெண்கள். ஒருத்தி பாஞ்சாலை. தன் கைப்பேசியை மற்றவளின் வாயருகே பிடித்திருந்தாள். மற்றவள் தலையைச் சாய்த்து, முந்தானையால் வாயைப் பாதி மறைத்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பாதி முகத்தை அந்த வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. அவள் வேதா, பக்கத்துச் சிற்றூரின் ஊராட்சித் தலைவி.

அந்தப் படம் எவர் கண்ணிலும் படக்கூடாதது.

பாஞ்சாலையைப் பற்றிச் சொல்வதற்கு ஆரவாரமான செய்தி எதுவும் இல்லை. வேர்க்கடலை பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் மணமாகி, இளஞ்செழியனோடு வேங்கிக்காலுக்கு வந்தவள். கணவன் வேன் ஓட்ட, மகள் ஓவியா பள்ளிக்குப் போக, அவள் அஞ்சல் வழியில் ஒவ்வொரு பட்டமாகப் படித்தாள். மகளிர் குழுக்களுக்கு ஒருங்கிணைப்பாளராக வேலை பார்த்தாள். அந்த வேலையில் ஊர் ஊராகச் சென்றபோது, ஊராட்சி அலுவலகங்களில் ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பக் கண்டாள். பெயர்ப்பலகையில் பெண்ணின் பெயர் இருக்கும். நாற்காலியில் அவள் கணவன் இருப்பான். ஊரார் அவனையே 'தலைவரே' என்று அழைப்பார்கள். இது குறித்து எவரும் வியந்ததில்லை. பாஞ்சாலை வியந்தாள். அந்த வியப்பே அவளைப் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வில் கொண்டுபோய் நிறுத்தியது.

வேதாவை முதன்முதலாகப் பேட்டி காணச் சென்ற நாள் அவளுக்கு மறக்காது. கூடத்தில் வேதாவின் கணவன் தருமன் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்துகொண்டான்.

"கேளும்மா, இன்னா வேணும் உனுக்கு?"

"தலைவர்கிட்டதான் பேசணுங்கண்ணா."

"அவ இன்னா சொல்லப் போறா? அவ சொல்றதையும் நானே சொல்லிடறேன். உனுக்கு வேல கம்மி."

அன்று பதிவானதெல்லாம் தருமனின் குரல். தேநீர்க் கோப்பையை நீட்டக் குனிந்த வேதா, அடுத்த அறையில் கைப்பேசி ஒலித்துக் கணவன் எழுந்து சென்ற அந்தச் சிறு இடைவெளியில், "பௌர்ணமிக்கு மலை சுத்துவியாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

சுற்றினார்கள். மனைவி மலை சுற்றப் போவதைத் தடுத்தான் என்னும் பழியை எந்தக் கணவனும் விரும்புவதில்லை. இலட்சம் பேர் நடக்கும் வழியில் இரு பெண்கள் பேசிக்கொண்டு போவதை எவரும் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. வேதா காட்டிய வழியிலேயே மற்ற ஐந்து தலைவிகளையும் பாஞ்சாலை ஒவ்வொருவராகக் கிரிவலத்துக்கு அழைத்து வந்தாள். மலைவழியில் வரிசையாக உள்ள எட்டு லிங்கங்களில், முதலாவதான இந்திர லிங்கத்தில் நலம் விசாரிப்பார்கள். எம லிங்கத்துக்கு வரும்போது மாமியாரைப் பற்றிய பேச்சு முடிந்திருக்கும். நிருதி லிங்கத்தைத் தாண்டினால் உண்மை வரும். ஆய்வேட்டில் அவள் அதற்கு 'நடைவழி நேர்காணல்' என்று பெயரிட்டாள். ஆறு பேரின் பெயர்களையும் நீக்கி, ஒன்று முதல் ஆறு வரை எண்களை மட்டும் கொடுத்தாள்.

வேதா மூன்றாம் தலைவி.

அவள் சொன்னது இது. தருமனின் அண்ணன், ஏரிக்கு நீர் வரும் கால்வாயைத் தூர்த்து வேர்க்கடலை பயிரிட்டிருந்தார். கடைமடை நிலங்கள் காய்ந்து கிடந்தன. ஒரு திங்கட்கிழமை, வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் பெயரில்லாத மனு ஒன்று வந்தது. நில அளவர்கள் வந்தார்கள், கால்வாய் மீண்டும் வெட்டப்பட்டது, அவ்வாண்டு மழையில் ஏரி நிரம்பியது. மனுவைக் கொடுத்தவர் யார் என்று தருமனின் குடும்பம் தேடியது. சந்தேகம் கடைமடையில் கழனி வைத்திருந்த காசியின்மீது விழுந்தது. ஒரு நண்பகலில் காசியின் வைக்கோற்போர் தீப்பற்றி எரிந்தது. கொளுத்தியவர் யார் என்று எவரும் வாய் திறக்கவில்லை. காசி தன் பசுக்களை ஓட்டிக்கொண்டு செங்கத்துப் பக்கம் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான். தருமன் மட்டும் கடைத்தெருவில், "மெய்யாவே எவன்னு தெரியட்டும். அன்னிக்கு வைக்கப்போரோட நிக்காது" என்று சொன்னானாம்.

மனுவைக் கொடுத்தவள் வேதா.

"நான் கையெழுத்துப் போட்டதெல்லாம் அவரு சொன்னது," என்று நிருதி லிங்கத்தைத் தாண்டியதும் அவள் சொன்னாள். "கையெழுத்துப் போடாத அந்த ஒரு மனுதாம்மா நான் செஞ்சது."

ஐந்தாம் அதிகாரம் அந்தச் சொற்களின்மேல்தான் எழுந்தது. தன்னை மறைத்துக்கொண்டால் மட்டுமே மாற்றத்தை நிகழ்த்தக்கூடிய தலைமை ஒன்று உண்டு என்பது பாஞ்சாலையின் கண்டுபிடிப்பு. மதிப்பிட்ட பேராசிரியர்கள் இருவரும் அந்த அதிகாரத்தையே பாராட்டி எழுதியிருந்தார்கள். கால்வாயைப் பொதுப்பாதையாகவும் ஏரியைக் குளமாகவும் அவள் மாற்றி எழுதியிருந்தாள். வேதாவிடம் சத்தியம் செய்து கொடுத்திருந்தமையால், கணவனிடங்கூட ஒரு சொல் சொன்னதில்லை.

அதனால்தான் இந்தப் பதாகை வந்தது. எதையும் அறியாத இளஞ்செழியன், தான் என்றோ கோபுரத்தின் முன்னே எடுத்த படம் அழகாக இருக்கிறதென்று அச்சகத்தில் கொடுத்துவிட்டான்.

அன்று மாலை வீட்டில் அவள் குரலை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஏங்க, அந்த பேனர எடுத்துடலாமா?"

"ஏன்? மூஞ்சி நல்லா இல்லியா? நான் அப்பவே சொன்னேன், கொஞ்சம் செவப்பு ஜாஸ்தியா வெக்கச் சொல்லி."

"அதில்லைங்க. பட்டம் இன்னும் வரல."

"வந்துடும். கட்டினத ரெண்டு நாள்ல அவுத்தா ஜனங்க இன்னா நெனைப்பாங்க? பெயிலாயிட்டான்னு சொல்லமாட்டாங்க?"

அவன் சொன்னதில் அவன் அறியாத உண்மை இருந்தது. இருக்கும் பதாகையை நூறு பேர் பார்ப்பார்கள். அவிழ்த்த பதாகையைப் பற்றி ஆயிரம் பேர் பேசுவார்கள். அது அங்கேயே நிற்கட்டும் என்று விட்டாள். அதன் பிறகு பேருந்து அந்த நிறுத்தத்தை நெருங்கும்போதெல்லாம் கண்களை மூடிக்கொள்வது அவளுக்கு வழக்கமாயிற்று.

அவள் அஞ்சியது விரைவில் வந்து சேர்ந்தது. கைப்பேசியில் தருமன்.

"ஏம்மா பாஞ்சால, எங்க வூட்டம்மா படத்தப் போட்டு அசத்திட்டியே. சொல்லவே இல்லையே நீ."

அவன் குரலில் சினம் இல்லை, பூரிப்பு இருந்தது. அந்தப் பூரிப்புத்தான் அவளை நடுங்கச் செய்தது.

"அது... வீட்டுக்காரரு போட்டுட்டாருங்கண்ணா."

"நல்லதுதான். எங்க ஊரப் பத்தி எழுதினா நாங்க வராம இருப்பமா? அந்த வைவா பரீச்சைக்கு ஒரு வேன் புடிச்சு வரோம். உன் வூட்டுக்காரரு வேனே புடிச்சிட்டேன்."

வேதாவிடம் பேச வழியில்லை. அவள் கைப்பேசியை முதலில் எடுப்பவன் தருமன். பாஞ்சாலை தன் நெறியாளரிடம் ஓடினாள். ஐந்தாம் அதிகாரத்தை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் கூடத்தில் எடுத்துரைக்கலாமா என்று கேட்டாள். காரணத்தைச் சொல்ல முடியவில்லை.

"அந்த சாப்டர விட்டுட்டா உன் ஆராய்ச்சியில என்னம்மா மிச்சம் இருக்கு?" என்றார் நெறியாளர். "பேரெல்லாம் எடுத்துட்ட இல்ல? அப்புறம் என்ன பயம்?"

திங்கட்கிழமை அவள் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் போய் நின்றாள். குறைதீர்க்கும் நாளில் ஊராட்சித் தலைவர்கள் வருவது உண்டு. மனுக்களைப் பிடித்துக்கொண்டு வேப்பமர நிழலில் அமர்ந்திருந்த கூட்டத்தினிடையே வேதாவைக் கண்டாள். பக்கத்தில் தருமன். அவன் எவரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். வேதா பாஞ்சாலையைப் பார்த்தாள். ஒரு கணந்தான். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேறுபக்கம் திரும்பினாள். 'வராதே' என்றாளா? 'தெரியும்' என்றாளா? 'நீயா இப்படிச் செய்தாய்?' என்றாளா? வீடு வரையிலும் அந்தப் பார்வையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ஆறு பெண்களின் மௌனங்களுக்கெல்லாம் பொருள் எழுதியவளுக்கு அந்த ஒரு பார்வைக்குப் பொருள் விளங்கவில்லை.

தேர்வு நாளும் வந்தது. கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்தில் அதுவரை எந்த ஆய்வாளருக்கும் அத்தனை கூட்டம் வந்ததில்லை என்று உதவியாளர் வியந்தார். வேட்டி கட்டியவர்கள் முன்வரிசைகளை நிறைத்தார்கள். இரண்டாம் வரிசையின் நடுவே தருமன், மடித்த பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தான். அவனுக்கு இடப்பக்கம் வேதா, மஞ்சள் புடவையில், கைகளைக் கோத்துக்கொண்டு.

புறத்தேர்வாளராக வந்திருந்த பேராசிரியர் பலராமன் மெலிந்த முதியவர். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் பதில் வரும் வரை இமைக்காதவர் என்று பெயர் பெற்றவர்.

பாஞ்சாலை எழுந்து பேசத் தொடங்கினாள். முதல் தலைவியைப் பற்றிச் சொன்னாள். இரண்டாம் தலைவியைப் பற்றிச் சொன்னாள். தண்ணீர் குடித்தாள். மூன்றை விட்டு நான்காம் தலைவிக்குத் தாவினாள். அவளுக்கே கேட்காத குரலில் ஐந்தையும் ஆறையும் முடித்து, ஐந்தாம் அதிகாரத்தை இரண்டே வாக்கியங்களில் கடந்து, நன்றி சொல்லி அமர்ந்துவிட்டாள்.

பலராமன் ஆய்வேட்டைப் புரட்டினார்.

"மூணாவது தலைவியப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலையே."

"நேரம் போதாதுன்னு, சார்..."

"நேரம் இருக்கு. இந்த ஆய்வுலேயே முக்கியமானது அதுதான். தன் குடும்பத்துக்கு எதிரா, குடும்பத்துக்குத் தெரியாம ஒரு அம்மா மனு குடுக்கறாங்க. சொல்லுங்க, கேப்போம்."

கூடத்தில் நாற்காலிகள் முனகின. தருமன் முன்னுக்குச் சாய்ந்ததை அவள் பார்க்காமலேயே உணர்ந்தாள். குடும்பத்துக்கு எதிரான மனு. அவன் காதில் அது விழுந்துவிட்டது. இனி அவன் எத்தனை அடி நடந்தால் கால்வாயின் கரைக்கு வந்து நிற்பான்?

"எழுத்துல இருக்கறதுக்கு மேல நான் எதுவும் சொல்றதுக்கில்லைங்க, சார்."

"ஏன்?"

"பேசினவங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

பலராமன் இமைக்காமல் பார்த்தார். பிறகு குறிப்பு ஏதோ எழுதிக்கொண்டு, "அவையிலேருந்து யாராவது கேள்வி கேக்கலாம்," என்றார். பொது வாய்மொழித் தேர்வின் மரபு அது. பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை.

தருமன் எழுந்தான்.

"ஐயா, நான் படிக்காதவன். எனக்கு ஒரே ஒரு டவுட்டு. எங்க வூட்டுக்காரம்மாவும் இதுல இருக்காங்க. பேனர்லயே போட்டிருக்காங்க. ஆறுல அவங்க எத்தனாவது நம்பர்னு சொன்னா, ஊர்ல போயி சொல்லிக்கலாம்."

"மொதல் நம்பராத்தான் இருக்கும், தலைவரே," என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் சொல்ல, கூடம் சிரித்தது.

பாஞ்சாலை சிரிக்க முயன்றாள். 'ஒன்று' என்று சொல்லிவிட்டால் போதும். ஒரு சொல். தருமன் மகிழ்வான், பொன்னாடை போர்த்துவான். ஆனால் முதல் தலைவியும் ஒரு பெண்தான். அவளுக்கும் வீடு இருக்கிறது, அவளுக்கும் கொடுத்த வாக்கு இருக்கிறது. அவளுடைய வாழ்க்கையை வேதாவின் தலையில் கட்டினால், நாளைக்குத் தருமனே ஆய்வேட்டைப் புரட்டி, 'எங்க வூட்ல இப்பிடி நடக்கலியே' என்பான். பிறகு அவன் மற்ற எண்களைத் தேடுவான். 'சொல்லமாட்டேன்' என்றாலோ, ஏன் சொல்லமாட்டாள் என்று இப்போதே தேடத் தொடங்குவான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் வேதா எழுந்து நின்றாள்.

"நான் எந்த நம்பரும் இல்லீங்க."

சிரித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மலை சுத்தறப்போ இந்தப் பொண்ணு கூட நடந்தேன். கால் வலிக்குது, தாகமா இருக்குன்னு பேசினேன். அதெல்லாம் பெரிய படிப்புல வருமா?" கணவன் பக்கம் திரும்பி, "நம்ம வூட்ல பேசினதுதான் நீங்களே பேசிட்டீங்களே," என்றாள்.

மறுபடியும் சிரிப்பு எழுந்தது. தருமனும் சிரித்தான். அவன் சிரிப்பு மற்றவர்களுடையதைவிடச் சற்று முன்னதாகவே நின்றது.

பலராமன் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு நிமிஷம். இது ஆய்வோட நம்பகத்தன்மையத் தொடற விஷயம். பாஞ்சாலை, இந்த அம்மா உங்க ஆறு பேர்ல இருக்காங்களா, இல்லையா?"

ஐந்தாண்டு உழைப்பு அந்தக் கேள்வியின் நுனியில் நின்றது. ஓவியாவின் காய்ச்சல் நாள்களில் தட்டச்சு செய்த பக்கங்கள், பேருந்து நிறுத்தங்களில் படித்த நூல்கள், கொப்புளம் கண்ட பாதங்கள் எல்லாம் அவள் நினைவில் ஒருசேர வந்து போயின. வேதாவின் கோத்த விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஆறு பேர்ல யாரு இருக்காங்க, யாரு இல்லைன்னு நான் சொல்லமாட்டேங்க, சார். இவங்க இருந்தாலும் சொல்லமாட்டேன், இல்லைன்னாலும் சொல்லமாட்டேன். நாளைக்கு வேற ஒருத்தர் வந்து அவங்க வீட்டு அம்மாவப் பத்திக் கேட்டாலும் இதே பதில்தான். இதனால பட்டம் இல்லைன்னா, பரவால்லைங்க."

முதியவர் அவளைப் பார்த்தார். பிறகு, அன்று முதன்முறையாக, இரண்டாம் வரிசையைப் பார்த்தார். அங்கே எதைக் கண்டாரோ, ஆய்வேட்டை மெல்ல மூடினார்.

"அவையில வேற கேள்வி இருக்கா?"

இல்லை.

சற்று நேரத்தில், முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அவர் எழுந்து நின்று படித்தார். கைதட்டல் கூரையைத் தொட்டது. தருமன் மேடையேறிப் பொன்னாடை போர்த்தினான். அதன் சரிகை கழுத்தில் உரசியபோது பாஞ்சாலைக்கு உடல் கூசியது.

"இன்னாம்மா, எங்க வூட்டம்மாவ கணக்குலயே சேக்கலியா? சரி, போவட்டும். அந்தப் பொஸ்தகம் ஒண்ணு குடு. யாரோ குடும்பத்துக்கு எதிரா மனு குடுத்தாங்களாமே, கத நல்லா இருக்கும்போல."

"அது இங்கிலீஷ்ல இருக்குதுங்கண்ணா."

"அதுக்கின்னா? போன்ல படம் புடிச்சா தமிழ்ல காட்டுதாம். இல்லாட்டி என் தங்கச்சி மவன் அருண்பிரசாத்து பெங்களூர்ல கம்ப்யூட்டர்ல இருக்கான். அவன் படிச்சுச் சொல்லிடுவான்."

"இப்ப கைவசம் காப்பி இல்லைங்கண்ணா. லைப்ரரிக்குக் குடுத்துட்டோம்."

"யாரு சொன்னா?" என்றான் பக்கத்தில் நின்ற இளஞ்செழியன். மகிழ்ச்சியில் அவன் முகம் விளக்குப்போல் இருந்தது. "வேன்ல ஒண்ணு இருக்கு. அண்ணன் கேட்டு இல்லைன்னு சொல்லலாமா?"

தடுக்க நினைத்து அவள் கையை நீட்டுவதற்குள் ஓடிப்போய், நீல அட்டை போட்ட ஆய்வேட்டைக் கொண்டுவந்து தருமனின் கைகளில் வைத்துவிட்டான்.

அதன் பிறகு வந்த நாள்களில் பாஞ்சாலையை எல்லாரும் 'டாக்டர்' என்று அழைத்தார்கள். காய்கறிக் கடைக்காரர் தன் முழங்கால் வலிக்கு மருந்து கேட்டார். அவள் சிரித்தாள். கைப்பேசி ஒலித்தால் மட்டும் சிரிப்பு நின்றுவிடும். செய்தித்தாளில் வட்டாரச் செய்திகளின் பக்கத்தை முதலில் புரட்டினாள். தேடுவது என்னவென்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள அஞ்சினாள். இளஞ்செழியனின் வேன் அந்தச் சிற்றூர் வழியாக வந்தால், "அங்க எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்பாள். "நல்லாத்தான் இருக்காங்க. நீ ஏன் தெனமும் கேக்கற?" என்பான் அவன். ஒரு பெண் தன் உயிரைப்போல் பொத்திவைத்த செய்தி, பட்டுநூல் கட்டிய நீல அட்டைக்குள் அவள் யாருக்கு அஞ்சி மறைத்தாளோ அவன் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. அங்கே அதை வைத்ததற்குக் காரணம் தான்தான் என்பதை பாஞ்சாலையால் மறக்க முடியவில்லை.

பௌர்ணமி வந்தது. பொழுது சாயும் வேளையில் இராஜகோபுரத்தின் முன்னே, வழக்கமாக நிற்கும் கற்பூரக் கடை ஓரத்தில் போய் நின்றாள். வேதா வருவாளா என்பது ஓர் அச்சம். வந்தால் எந்த நிலையில் வருவாள் என்பது வேறோர் அச்சம்.

வேதா வந்தாள். பக்கத்தில் தருமன்.

"நானும் சுத்தலாம்னு வந்துட்டேன்," என்றான். "நீங்க ரெண்டு பேரும் அப்படி இன்னாதான் பேசறீங்கன்னு பாக்கலாம்."

மூவரும் நடந்தார்கள். இந்திர லிங்கம் கடந்தது; அக்கினி லிங்கம் கடந்தது. வேதா மழையைப் பற்றியும் மாட்டுத்தீவனத்தைப் பற்றியும் பேசினாள். பாஞ்சாலை 'உம்' கொட்டினாள். செருப்பின்றி நடந்து பழகாத தருமன், முதலில் நிமிர்ந்து நடந்தான். பிறகு சாலையின் ஓரக்கோட்டின்மேல் நடந்தான். பிறகு குதிகாலை ஊன்றாமல் நடந்தான். எம லிங்கத்தை அடைந்தபோது ஒரு தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்துவிட்டான்.

"ஊசி கணக்கா குத்துது. நீங்க சுத்திட்டு வாங்க. நான் ஆட்டோ புடிச்சு ஈசான்ய லிங்கத்துக்கிட்ட நிக்கறேன்."

கூட்டம் அவனை மறைத்தது. நிருதி லிங்கத்தைத் தாண்டிய பிறகே பாஞ்சாலை வாய் திறந்தாள்.

"அக்கா, என்ன மன்னிச்சிடுங்க. பேனரும் நான் வெக்கல. பொஸ்தகமும் நான் குடுக்கல. ஆனா எல்லாம் என்னாலதான்."

"தெரியும். உன் வூட்டுக்காரரு வெள்ளந்தி," என்றாள் வேதா.

"அவரு படிச்சாரா?"

"போன்ல படம் புடிச்சுப் புடிச்சுப் பார்த்தாரு. அதுல வந்த தமிழு அவருக்குப் புரியல. என்ன வாசிக்கச் சொன்னாரு. 'அதிகாரப் பரவலாக்கச் சூழமைவில்'னு நான் ஆரம்பிச்சேன். தூங்கிட்டாரு."

பாஞ்சாலைக்குச் சிரிப்பு வந்தது.

"சிரிக்காத. ஆயுத பூஜைக்கு அருண்பிரசாத்து வரான். அவனுக்கு இங்கிலீஷே புரியும். பாதை, குளம்னு நீ எழுதியிருக்கற. எங்க ஊருல இருக்கறவனுக்கு அது கால்வா, ஏரின்னு தெரிய எவ்ளோ நேரம் ஆவும்?"

"அப்ப என்னக்கா பண்றது?"

வேதா நடையைச் சற்றே குறைத்தாள்.

"அதுக்கு முன்னாடியே காந்தி ஜெயந்திக்குக் கிராம சபை இருக்கு இல்ல? தலைவர் நாற்காலியில அன்னிக்கு மட்டும் நான்தான் உக்காரணும். அதிகாரி வருவாங்க, போட்டோ எடுப்பாங்க. ஊரே இருக்கும். அங்க நானே சொல்லிடப் போறேன். மனு குடுத்தது நான்தான், காசி இல்லைன்னு. காசியையும் வரச் சொல்லி ஆள் அனுப்பிட்டேன்."

"அக்கா, வேணாம்." பாஞ்சாலை தன்னையறியாமல் வேதாவின் கையைப் பற்றினாள். "வீட்டுக்கு நீங்கதான் திரும்பிப் போகணும்."

"போவணும்தான். பயத்துல உயிரே போவுது." அவள் கை ஈரமாக இருந்தது. "வூட்டுக்குள்ள வெச்சுத் தெரிஞ்சா நாலு செவுருதான் சாட்சி. உன் வைவால பார்த்தேன். அந்தப் பெரியவரு அத்தன பேர் முன்னால கேட்டாரு. நீ அத்தன பேர் முன்னால சொல்லமாட்டேன்னு சொன்ன. யாரும் உன்ன ஒண்ணும் பண்ண முடியல. கூட்டத்துல சொன்ன சொல்லுக்குக் கூட்டமே காவல். நீ சொல்லாம காப்பாத்தின. நான் சொல்லித்தான் தப்பிக்கணும்."

தன்னை மறைத்துக்கொண்டால் மட்டுமே மாற்றத்தை நிகழ்த்தக்கூடிய தலைமை என்று எழுதியிருந்தாள் பாஞ்சாலை. இருவர் பாராட்டிய அந்த வாக்கியம் இப்போது அவளுக்குப் பாதுகாப்பாகத் தோன்றியது. அதை எழுதியவளுக்கு மட்டும் பாதுகாப்பாக.

"நீ வருவியா?" என்று கேட்டாள் வேதா. "பேச வேணாம். மொத வரிசையில உக்காந்திருந்தா போதும்."

பாஞ்சாலைக்கு ஓவியாவின் நினைவு வந்தது. அந்தச் சிற்றூர் வழியே நாள்தோறும் செல்லும் கணவனின் வேன் நினைவுக்கு வந்தது. எரிந்த வைக்கோற்போரின் கரிய வட்டம், அவள் நேரில் காணாத அந்த வட்டம், கண்முன் வந்தது. இன்று வீட்டுக்குப் போனதும் இளஞ்செழியனிடம் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். இனி அவன் அறியாமல் எதையும் செய்துவிடக் கூடாது.

"சத்தியத்துலேருந்து என்ன விட்டுடுங்க, அக்கா. எங்க வீட்டுக்காரருகிட்ட மட்டும் சொல்லணும்."

"சொல்லு."

"அப்ப நாங்க ரெண்டு பேரும் வரோம்."

வருண லிங்கம், வாயு லிங்கம், குபேர லிங்கம். மலை அவர்களுக்கு வலப்பக்கமே நின்றுகொண்டு கூடவே திரும்பியது. நிலவு அதன் தோளுக்கு மேலே ஏறியிருந்தது. அடி அடியாக அவர்கள் எவனை விட்டு விலகினார்களோ, அவனிடமே அந்த வழி அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தது.

ஈசான்ய லிங்கத்தின் அருகே, விளக்குக் கம்பத்தின் அடியில் தருமன் நின்றிருந்தான். கையில் இரண்டு தண்ணீர்ப் பாட்டில்கள். அவர்களைக் கண்டதும் கையை உயர்த்தி அசைத்தான்.

"இன்னா, பேசி முடிச்சிட்டீங்களா?"

"இல்லீங்க," என்றாள் வேதா, தண்ணீரை வாங்கிக்கொண்டு. "இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு."